மச்சானின் தெற்கு

என் அக்கா ராசாத்தாளைக் கட்டிய அரங்கசாமி மச்சான் எந்நேரமும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வந்தவுடன் பார்ப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வாசலுக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து உட்காருவார். கோபிச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் சொந்தபந்தம் முழுக்க அவரை நேரத்தின் அருமை தெரிந்த மனிதர் என்று மெச்சிக்கொண்டிருந்தது. கோயமுத்தூரில் பம்பு கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். அந்த உத்தியோகத்துக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர்களே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஆனால் பார்த்து முடித்த கையோடு மணி என்ன என்று கேட்டால், மறுபடியும் பார்த்துத்தான் சொல்வார்.

ஏனென்றால் முதல் தடவை பார்த்தது மணியை அல்ல. தெற்கு எது என்று பார்த்திருப்பார்.

இதை இப்படி வெளிப்படையாக எழுத எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அக்கா வீட்டுக்காரரைக் கேலி செய்வது எங்கள் பக்கம் மச்சினனின் பிறப்புரிமை. அவரும் என்னைச் சும்மா விட்டவரில்லை. எனக்கு மீசை அரும்பிய வருடம் அவர் அதைப் படுத்திய பாட்டில் நான் இரண்டு தடவை மழித்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்களில் இடது, வலது என்று பேசுகிற வழக்கம் கிடையாது. எல்லாமே திசைதான். பந்தியில் "கெழக்கால எலைக்கு ரசம் ஊத்துங்க" என்பார்கள். பஸ்ஸில் "கொஞ்சம் மேக்கால நவுந்து உக்காருங்க" என்பார்கள். மிகைப்படுத்தவில்லை, என் அத்தை ஒருத்தி ஒரு மாப்பிள்ளையிடம் "உங்க வடக்காலக் கன்னத்துல சோறு ஒட்டீட்டிருக்குதுங்க" என்று சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அந்த மாப்பிள்ளையும் சரியான கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். இது யாரும் உட்கார்ந்து கற்றுக்கொள்கிற சங்கதியல்ல. பசி தெரிவதுபோல எங்களுக்கு வடக்கு தெரியும்.

அரங்கசாமி மச்சானுக்குத் தெரியாது. சூலூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் காடு கழனி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தும், எப்படியோ அந்த ஒன்று மட்டும் அவருக்கு வைக்காமல் விட்டுப்போயிருந்தது. சிறு பையனாக இருந்தபோது, தெற்குக் காட்டில் உழுதுகொண்டிருந்த அப்பாவுக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோனவர், வடக்குப் பக்கம் நடந்து, எவருடைய காட்டிலோ களையெடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் சோற்றைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவர்களும் யாரோ அனுப்பியதாக்கும் என்று சாப்பிட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் காணாப்போன சாமி. காடு தம்பி கைக்குப் போனது, இவர் படிக்கப் போனார். போன இடத்துக்கும் அந்தப் பெயர் பின்னாலேயே வந்தது என்று பிற்பாடு அக்கா சொன்னாள்.

விடிவு கல்லூரியில் கிடைத்தது. என்.சி.சி. முகாம், சிறுவாணி அடிவாரம், மார்கழி மாதம். எங்கிருந்தோ வந்த ஒரு ஹவில்தார் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். கடிகாரத்தைத் தட்டையாகப் பிடித்துக்கொள். சின்ன முள்ளைச் சூரியன் இருக்கும் பக்கம் திருப்பு. அந்த முள்ளுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள். அந்தக் கோடு போகும் பக்கம் தெற்கு. மற்றப் பையன்கள் இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டார்கள்; வெறும் கண்ணாலேயே தெரிகிற தெற்கை எதற்குக் கடிகாரத்தில் தேட வேண்டும்? மச்சானுக்கோ பார்வை வந்ததுபோல இருந்திருக்கிறது. அந்த வாரமே ஒரு எச்.எம்.டி. கடிகாரம் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அடம்பிடித்திருக்கிறார்.

அந்தக் கடிகாரத்தோடுதான் தொண்ணூற்று ஒன்றாம் வருடம் தை மாதம் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். வீட்டின் முன்கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தோம். ஒன்றின் கால் ஆடும். என் அப்பா தம்பிதுரை விருந்தாளி விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், "மாப்பிள்ளை, தெக்கால நாக்காலில உக்காருங்க. இன்னொண்ணு ஆடுமுங்க" என்றார்.

மாப்பிள்ளை உட்காரவில்லை. படியோரம் போய், கையை வெயிலில் நீட்டி, கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் உடம்பைத் திருப்பினார். மறுபடி பார்த்தார். பிறகு நேராக வந்து சரியான நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நல்ல நேரம் பார்த்து உட்காருகிற மனிதர் என்று என் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பொறுப்பான பையன். உக்காரறதுக்கே நேரம் பாக்கறவரு, பொழைக்கறதுல கோட்டை விட மாட்டாரு" என்று சாயங்காலமே முடிவு சொல்லிவிட்டார். நாற்காலி ஆடியிருந்தால் என் அக்காவின் தலையெழுத்து வேறாகியிருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு சிங்காநல்லூரில் வாடகை வீடு. மச்சானுடைய வாழ்க்கை வெயிலை நம்பி ஓடியது. மேகமூட்டமான நாளில் அவருக்குத் தலைவலி வந்துவிடும். ராத்திரிக் கல்யாண வரவேற்பு எதற்கும் அவர் வந்ததாகச் சரித்திரம் இல்லை. கம்பெனி ஸ்டோருக்குள் வெயில் வராது. முதலாளி "வடக்கால ரேக்குல பாரு" என்று சொன்னால் இவர் மொத்த ரேக்கையும் தடவ வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே பெயிண்ட் டப்பாவோடு போய் எல்லா ரேக்குக்கும் நம்பர் எழுதிவிட்டார். இனி யாரும் திசை சொல்ல வேண்டாம், நம்பர் சொன்னால் போதும். முதலாளி அசந்துபோய், நவீன முறையில் ஸ்டோரை ஒழுங்கு செய்தவர் என்று ஆயுத பூஜை அன்று எல்லோர் முன்னாலும் பாராட்டி, சம்பளத்தையும் கூட்டினார். இந்த மனிதருடைய ஒவ்வொரு உயர்வுக்கும் அடியில் ஒரு தெரியாத திசை இருந்திருக்கிறது.

அக்காவும் மாறிப்போயிருந்தாள். ஊருக்கு வந்தால் "அந்த வலது பக்கத்துச் செம்ப எடு", "இடது கைப் பக்கம் வெய்யி" என்று பேசினாள். எங்களுக்குச் சிரிப்பாக வந்தது. "டவுன்காரி ஆயிட்டியாக்கும். தெக்கு வடக்கெல்லாம் கோயமுத்தூர்ல செல்லாதாக்கும்" என்று நான் ஓட்டாத நாளில்லை. அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

மச்சானின் வித்தையில் ஒரே ஒரு கோளாறு இருந்தது. தீபாவளி முடிந்து மாசி வரை கடிகாரம் உத்தமமாக வேலை செய்யும். சித்திரை பிறந்தால் பித்துப் பிடித்துவிடும். கோடையில் எங்கள் ஊருக்கு வந்தால் அவர் தோட்டத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிக் குளத்தில் போய் நிற்பார். பழியைக் கடிகாரத்தின் மேல் போட்டுவிட்டு, வருடம் தவறாமல் வைகாசியில் டவுன்ஹால் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிக்கந்தரிடம் கொண்டுபோவார்.

"சிக்கந்தரு, வாட்ச் தப்பாக் காட்டுதுங்க."

சிக்கந்தர் கண்ணில் லென்ஸை மாட்டி உள்ளே பார்ப்பார். "டைம் கரெக்டா ஓடுதுங்களே அண்ணே."

"டைம் கரெக்டுதானுங்க. ஆனாத் தப்பாக் காட்டுது."

சிக்கந்தர் பெரிய மனுஷன். மேற்கொண்டு கேட்காமல் எண்ணெய் போட்டுக் கொடுப்பார். இப்படி வருடாவருடம் எண்ணெய் போட்டு வளர்ந்த சிநேகிதம்தான் அது. சூலூருக்குப் பக்கத்தில் தோட்டம் ஒன்றைச் சைட்டாகப் பிரித்து விற்கிறார்கள் என்று தகவல் சொன்னதும் சிக்கந்தர்தான். தொண்ணூற்று நாலாம் வருடம் மார்கழியில் இருவரும் போய்ப் பார்த்து, பழைய கிணறு ஒன்றை அடையாளம் வைத்து ஆளுக்கொன்று வாங்கினார்கள். கிணற்றுக்கு நேர் தெற்கே இருப்பது மச்சானுடையது, நேர் கிழக்கே இருப்பது சிக்கந்தருடையது. மார்கழி மாதம் என்பதால் கடிகாரமும் ஆமாம் என்றது.

வாடகை வீட்டில் குடியிருந்த அத்தனை வருடமும் அக்கா கேட்டது ஒன்றுதான், சொந்தமாக ஒரு வீடு. மறு வருடம் வைகாசியில் வாஸ்து நாள் பார்த்துப் பூமி பூஜைக்கு ஏற்பாடானது. கோபியிலிருந்து அப்பாவும் நானும் கிளம்பினோம். எங்களுக்கு இடம் தெரியாது என்பதால் அக்கா சூலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. மச்சான் முன்னதாகவே கொத்தனார் கண்ணையாவை டி.வி.எஸ். ஐம்பதில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நல்ல நேரம் காலை பத்து மணியை ஒட்டி. எங்கள் பஸ் அவிநாசி தாண்டிப் பஞ்சரானதால் நாங்கள் போய்ச் சேரச் சுணங்கிவிட்டது.

அந்த இடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து கொள்ளுங்கள். நடுவில் ஒரு கிணறு. சுற்றிலும் ஒரே மாதிரி செம்மண், ஒரே மாதிரி முள்ளுச் செடி. சைட்டு நம்பர் எழுதி நட்டிருந்த கற்களை அக்கம்பக்கத்துக்காரர்கள் துணி துவைக்கப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, கிணற்றைப் பார்த்தால் தெற்கு தெரியும். மச்சான் கிணற்றடியில் நின்று கடிகாரத்தைத் தட்டையாகப் பிடித்தார். முள்ளைச் சூரியனுக்குத் திருப்பினார். கோடு போட்டார். கோடு சொன்ன பக்கம் நடந்தார்.

அது எதனால் தப்பாகப் போனது என்று பிற்பாடு ஒரு வாத்தியாரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த வித்தை வடக்கே குளிர் தேசத்துக்காரர்களுடையதாம். அவர்களுக்குச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கு வானத்தை விட்டு நகராது. நமக்கு அப்படியா? சித்திரையில் தொடங்கி ஆவணி பிறக்கும் வரை உச்சி வெயில் நம் தலைக்கு வடக்கே போய்விடும். தென்னை மரத்து நிழல் மத்தியானத்தில் தெற்கே விழுவதை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வைகாசியில் காலை பத்து மணிக்கு இந்த வித்தையைச் செய்தால், கடிகாரம் கிழக்கைக் காட்டி அதுதான் தெற்கு என்று கூசாமல் சொல்லும். பாவம், சிக்கந்தரின் எண்ணெய் இதற்கு என்ன செய்யும்?

நாங்கள் மண் பாதையில் நடந்து கிணற்றை நெருங்கியபோது பூஜையே முடிந்திருந்தது. குழி தோண்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூரிப்போடு நின்றுகொண்டிருந்தார். அக்கா சட்டென்று நின்றாள். அப்பா கிணற்றைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, சைட்டு கெணத்துக்குத் தெக்கால இருக்குதுன்னுதானுங்க சொன்னீங்க? இது கெழக்கால இருக்குதுங்களே."

மச்சானின் கை தானாகவே வெயிலில் நீண்டது. கடிகாரத்தைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். முகத்திலிருந்த பூரிப்பு அப்படியே இறங்கிப்போனது.

கொத்தனார் கண்ணையா தன் மேல் குற்றமில்லை என்று காட்ட அவசரப்பட்டார். "நானும் அப்பவே ரோசனை பண்ணுனனுங்க. ஐயா வாட்சப் பாத்துப்போட்டு இங்கதான்னு சொன்னாருங்க. நேரங்காலம் பாத்து எடத்த மாத்தறாராட்ட இருக்குதுன்னு இருந்துட்டனுங்க."

வாட்சு என்ற சொல் விழுந்ததும் அப்பாவின் பார்வை மச்சானின் மணிக்கட்டில் போய் நின்றது. அந்தக் கை இன்னும் தட்டையாக வெயிலில் நீட்டியபடியே இருந்தது. அப்பா விவசாயி, ஆனால் விவரம் போதாதவரில்லை. படியோரம் நின்று கடிகாரம் பார்த்த மாப்பிள்ளை, தெற்கு நாற்காலி, கோடையில் குளத்தில் போய் நின்றது என்று எல்லாம் அவர் மனசுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது எனக்கே தெரிந்தது. மச்சானுக்கும் தெரிந்திருக்கும். எந்தப் பெயர் மாமனார் வீட்டு வாசல் ஏறிவிடக் கூடாது என்று இத்தனை வருடம் வெயிலுக்கும் மேகத்துக்கும் பயந்து வாழ்ந்தாரோ, அதே மாதிரிப் பெயர் ஒன்று அப்பாவின் நாக்கு நுனிக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது.

அப்போது அக்கா பேசினாள்.

"அவரு மேல தப்பில்லீங்கப்பா. நாந்தான் காத்தால கெளம்பறப்ப கெழக்கால சைட்டுன்னு சொல்லியுட்டேன். தெக்கால சொல்றதுக்குப் பதிலா மாத்திச் சொல்லிப்போட்டேனுங்க."

ராசாத்தாள் யார்? நடக்கத் தொடங்கிய வயதிலேயே மாட்டுக் கொட்டகையில் எந்தக் கன்று எந்தத் திசையில் கட்டியிருக்கிறது என்று சொன்னவள். கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டாலும் மேற்கைக் காட்டுவாள் என்று அப்பாவே சந்தையில் பெருமை பேசியவர். அவளுக்குத் தெற்கும் கிழக்கும் மாறிப்போயிற்று என்பதை அங்கே நின்ற யாரும், கண்ணையா உட்பட, நம்ப வழியே இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் நிமிர்ந்து நின்று சொன்னாள்.

அப்பா மகளை வெகுநேரம் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆகட்டும் அம்மணி. டவுனுக்குப் போனா அப்பிடித்தான் மறந்துபோகுது" என்றார்.

நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்து, பூஜைக்கு அழைக்கப்பட்டிருந்த சிக்கந்தர் சைக்கிளில் வந்து இறங்கினார். தன் சைட்டில் தோண்டிய குழியையும் உடைத்த தேங்காயையும் பார்த்தார். "அண்ணே, என்ற எடத்துக்கும் சேத்து நீங்களே பூச போட்டுட்டீங்களா? கூலி மிச்சமுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. குழியை மூடப் போன கண்ணையாவையும் அவர் தடுத்துவிட்டார், வேப்பங்கன்று வைத்துக்கொள்கிறேன் என்று. நல்ல நேரம் முடிவதற்குள் சொம்பையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு தெற்குச் சைட்டுக்கு ஓடினோம். பிள்ளையாருக்கென்று எடுத்து வைத்த இன்னொரு தேங்காய் அங்கே பூமி பூஜைக்கு ஆனது.

சாயங்காலம் வாடகை வீட்டில் அக்கா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது நான் மெல்லக் கேட்டேன். "ஏனக்கா, உனக்கு எப்ப இருந்து தெக்கும் கெழக்கும் தெரியாமப் போச்சு?"

"கலியாணம் ஆனதுல இருந்துதான்" என்றாள், நிமிராமல்.

"அவரு சங்கதி உனக்குத் தெரியுமா?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே தெரியும். மணி பாக்கறவங்க கையக் கண்ணுக்கு நேராக் கொண்டாருவாங்க. இவரு வெயிலுக்குக் காட்டீட்டு நின்னாரு. சன்னல்ல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்பறமும் சரின்னுட்டியே."

அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஒரு நாக்காலில சரியா உக்கார இத்தன பாடு படறாரே, என்னைய நல்லா வெச்சுக்கறதுக்கு எத்தன பாடு படுவாருன்னு தோணுச்சு. அந்த வலது பக்கத்துத் துணிய எடு."

எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வலதும் இடதும் டவுன் பவிசு இல்லை. தன் வீட்டில் ஒரு மனிதர் கடிகாரத்தைப் பார்க்காமல் நடமாட வேண்டும் என்பதற்காக, என் அக்கா பிறந்ததிலிருந்து பேசிய பேச்சையே மாற்றிக்கொண்டிருக்கிறாள். ஊருக்கு வந்தபோதும் அது வாயில் அப்படியே நின்றுவிட்டது. நான் அதைத்தான் அத்தனை வருடம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தை மாதம் வீடு முடிந்து பால் காய்ச்சினார்கள். சூலூர்ப் பக்கம் யாரும் குறை சொல்ல முடியாத கிழக்குப் பார்த்த வீடு. கண்ணையா இந்தத் தடவை யாரிடமும் கேட்காமலே நிலை வைத்துவிட்டார். சிக்கந்தர் வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார். கூட்டம் குறைந்த பிறகு கூடத்தில் வாடகை நாற்காலி இரண்டுதான் மிச்சம். அதில் ஒன்றுக்கு வழக்கம்போலக் கால் ஆட்டம். மச்சான் காலையிலிருந்து ஓடி ஓடிக் களைத்துச் சுவரோரம் நின்றார்.

"மாப்பிள்ளை, எத்தன நேரம் நிப்பீங்க. அந்தத் தெ..." என்று ஆரம்பித்த அப்பா, பாதியில் நிறுத்திக்கொண்டார். அறுபது வயது வரை இடது வலது என்ற பேச்சே அவர் வாயில் வந்ததில்லை. மெல்ல நகர்ந்து மச்சான் பார்த்து நின்ற பக்கமே தானும் திரும்பி நின்றார். இரண்டு கைகளையும் பார்த்தார். சோறு பிசைவதுபோல விரல்களை அசைத்து எந்தக் கை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

"உங்க சோத்தாங்கைப் பக்கத்து நாக்காலில உக்காருங்க. அது ஆடாதுங்க" என்றார்.

வாசலில் நல்ல வெயில். தை மாதம் வேறு, பார்த்திருந்தால் கடிகாரம் சரியாகவே காட்டியிருக்கும். மச்சான் பார்க்கவில்லை. நேராகப் போய் உட்கார்ந்தார்.